கோகிலவாணிக்குத் தெரியாது

பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது எனக்கு இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எதிர்க் கதவைத் திறந்து ஓர் ஆள் தலையை மட்டும் நீட்டி ஏதோ ஒரு பேரைக் கத்தினார், ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் எழுந்து உள்ளே போனார். கத்தினால் பக்கத்தில் இருக்கிற என் மகள் கையைத் தூக்குவாளே. இவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பகல் நேர மையத்தில் தினமும் காலையில் டீச்சர் பேர் வாசிக்கும்போது தூக்குகிற மாதிரி, வலது கையை நேராக மேலே தூக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. பேர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அம்மா பேர் கேட்டால், ஊர் கேட்டால், இது என்ன நிறம் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில், தெரியாது. ஆனால் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. பெரிய கெட்டிக்காரிதான் நான். கை தூக்கினால் அந்த ஆள் பார்ப்பார். அவர் வாயைத் திறக்காவிட்டாலும் கதவு திறந்துதானே இருக்கும், உள்ளே இருக்கிற டாக்டரம்மா பார்ப்பார். பேர் தெரிகிறதே இந்தப் பெண்ணுக்கு என்பார். அவ்வளவுதான், போச்சு. இவள் வலது கையை எடுத்து என் மடியில் வைத்து அதன் மேல் என் கையை வைத்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத் தெரியும். பாசம்தான், யார் இல்லை என்றது. கோகிலவாணி என் கைக்கு அடியில் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள், பத்தொன்பது முடிந்துவிட்டது, சிரிப்பு மட்டும் பால்வாடிக்குப் போன நாளிலிருந்து அதேதான்.

போன முறை இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. என்ன கேட்டாலும் இவள் சிரித்தாள், அவர்கள் எழுதிக்கொண்டார்கள், இத்தனை சதவீதம் ஊனம் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அரசாங்கத்தின் பராமரிப்புப் பணம் வருகிறது, மையத்தில் இடம் கிடைத்தது, துணைக்குப் போகிற எனக்கும் சேர்த்து பஸ் பாஸ் கிடைத்தது. ஆனால் அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்று அடியில் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுபடி சோதனை செய்ய வேண்டும், குழந்தை முன்னேறியிருக்கலாம் இல்லையா என்று போன மாதம் பணம் நின்றபோது அலுவலகத்தில் சொன்னார்கள். முன்னேறியிருக்கலாம். எவ்வளவு நல்ல வார்த்தை. அதைக் கேட்டு நடுங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இல்லை, மையத்து வாசலில் காத்திருக்கிற எல்லாத் தாய்மாரும் நடுங்குகிறவர்கள்தான். சாந்தாமணி அக்காதான் முதலில் சொன்னது. அவர் மகனும் அங்கேதான் வருகிறான். "உன்ற புள்ள இப்ப பேரு, ஊரெல்லாம் சொல்றாளே, அதையெல்லாம் டாக்டர் முன்னால சொல்ல உட்றாத புள்ள. தெரியுதுன்னாக்க சதவீதத்தக் கொறைச்சுப்போடுவாங்க. அப்பறம் ஒண்ணும் வராது." அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அக்காவின் மாமியார் ஊரில் யாருக்கோ அப்படி ஆனதாம். யாருக்கு, எப்போது என்று நான் கேட்கவில்லை. வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வதுதான் எங்களுக்குச் சட்டம், அரசாங்க உத்தரவு எல்லாம். எந்த ஆபீசில் எந்த மேசைக்குப் போக வேண்டும், யாரிடம் அழ வேண்டும், யாரிடம் அழக்கூடாது என்று வாசலில்தான் கற்றுக்கொண்டோம். அதில் பாதி சரியாக இருந்திருக்கிறது. மீதிப் பாதி எது என்றுதான் யாருக்கும் தெரியாது.

அந்தப் பணம் பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஆனால் இவள் பேரில் வருகிறது. இவளுக்கென்று பாங்கில் ஒரு கணக்கு, அதில் அரசாங்கமே இவள் பேர் சொல்லிப் போடுகிற பணம். எனக்குப் பிறகும் வரும் என்று அந்த ஒன்றை நினைத்துத்தான் நான் படுத்துத் தூங்குகிறேன். எனக்குப் பிறகு. அந்தப் பக்கம் போகாதே மனசே, இப்போது வேண்டாம். இவள் அப்பா தறிக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும், உள்ளே போய் அவரும் ஒரு பெட்டில் படுத்துக்கொள்வார். நீதான் நல்லாப் பேசுவியே, நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா என்றார். நல்லாப் பேசுவேன்தான். பேசத் தெரிந்த எனக்கு, இவளை ஒரு வார்த்தை பேச வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பேருந்து நிலையத்தில் தொலைந்தாளே, அதற்குப் பிறகு. தீபாவளிக் கூட்டம், என் கையை எப்போது விட்டாள் என்றே தெரியவில்லை, நான் அன்றைக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தேன், எனக்கு முன்னால் இன்னொருத்தி பச்சைச் சேலையில் போனாள், இவள் அந்தச் சேலை பின்னாலேயே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. அப்போது என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. இருட்டின பிறகு நிலையத்துக்குள்ளிருந்த போலீஸ் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு பூக்கார அம்மா கொண்டுவந்து விட்டிருக்கிறார். அங்கே இருந்த பெண் போலீஸ் என்னைத் திட்டக்கூட இல்லை. "பேரு கேட்டா சிரிக்கறா, ஊரு கேட்டா சிரிக்கறா. நாங்க யாருக்குன்னு சொல்லி அனுப்பறதுங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதுமாக இருந்தது.

உலர்ந்த திராட்சை அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு முறை சரியாகச் செய்யும்போதும் உடனே வாயில் ஒன்று கொடுக்க வேண்டும், தப்பாகச் செய்தால் திட்டவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பது மையத்தில் கற்றுத்தருகிற முறை. சட்டைப் பித்தான் போடுவது, தட்டைக் கழுவி வைப்பது எல்லாம் அப்படித்தான் வந்தது. பேரும் வரும் என்றார் டீச்சர். பேரா அது? என் மாமனார் வைத்தது, கோகிலவாணி. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் மீனா என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முதலில் ‘கோ’ மட்டும். நான் ‘கோ’ என்பேன், அவள் என் வாயையே பார்ப்பாள், உதட்டைக் குவிப்பாள், சத்தம் வராது. ஒரு ஆடி மாதம் முழுக்க ‘கோ’ மட்டும். அடுப்படியில் ‘கோ’, குளிக்கும்போது ‘கோ’, அவர் தறியிலிருந்து வந்தால் அவரும் செருப்பைக் கழற்றிக்கொண்டே ‘கோ’ என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதாக நினைத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் வந்தது, நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து. கஞ்சி காலில் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு ‘கோகி’, பிறகு ‘வாணி’, இரண்டையும் சேர்த்து ‘கோய்லாணி’ என்று வந்து நின்றது. அதற்கு மேல் வேண்டாம், அது போதும் என்று டீச்சர் சொன்னார். பிறகு ஊர், பிறகு அப்பாவின் போன் நம்பர். நம்பரில் கடைசி இரண்டு எண் மாறி மாறி வரும். ஆனாலும் எந்தப் பேருந்து நிலையத்தில் விட்டாலும் இவள் திரும்பி வருவாள் என்று ஒரு தைரியம் எனக்கு வந்திருந்தது. அந்தத் தைரியத்தைத்தான் நான் நாலைந்து சாயங்காலத்தில் கலைத்தேன்.

எவ்வளவு சுலபமாகக் கலைந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது. பேர் என்ன என்று கேட்பேன். கோய்லாணி என்பாள், கையை நீட்டுவாள். கொடுக்க மாட்டேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். மறுபடி சொல்வாள், சத்தமாக, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கொடுக்க மாட்டேன். தெரியாது என்று சொல்லு சாமி என்பேன். முதல் நாள் அழுதுவிட்டாள். நானும் உள்ளே போய் அழுதேன், அழுதுவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். தெரியாது என்று சொன்னதும் ஒன்று இல்லை, இரண்டாகக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் தெரியாது. இது என்ன கண்ணு? தெரியாது. அம்மா யாரு? தெரியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பணம் வந்ததும் மறுபடி பேரைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஒரு தரம் வந்தது மறுபடி வராதா என்று நான் வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னேன். வரும். வராமல் எங்கே போகும். சைக்கிள் ஓட்டக் கற்றவனுக்கு மறந்தா போகிறது? இவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேரனோடு வந்திருக்கிறார், பேரன் அவர் தோளில் தூங்குகிறான், காதில் மிஷின். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா இந்த மனுசன். குனிந்து, பாப்பா உம்பேரென்ன என்கிறார். என் கைக்கு அடியில் இவள் கை இறுகுகிறது. இவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இவள் அதைப் படித்துவிட்டாள். எழுத்துப் படிக்கத் தெரியாத என் மகளுக்கு என் முகம் தலைகீழாகப் பாடம். தெரியாது என்கிறாள். அச்சோ பாவம் என்கிறார் அவர். பாவமில்லையுங்க, தெரியுமுங்க, என்ற புள்ளைக்குப் பேரு தெரியும், ஊரு தெரியும், அப்பா நம்பர்கூடத் தெரியும் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. கத்தவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு திராட்சையை எடுத்து அவர் பார்க்காதபோது இவள் வாயில் வைக்கிறேன். மெல்லுகிறாள். வேலை முடிந்த மாதிரி முகம் தெளிவாக இருக்கிறது. உள்ளேயும் இப்படியே நடந்துவிட்டால் போதும். இப்படி நடந்துவிடுமோ என்றும் இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறேன் என்றே எனக்குப் பிடிபடவில்லை, சொல்லிவிடுவாள் என்றா, சொல்ல மாட்டாள் என்றா.

கோகிலவாணி யாரு, கோகிலவாணி. கதவருகிலிருந்து வந்துவிட்டது குரல். எதற்காக வந்தோமோ அதை மறந்து என் கை தானாக விலகிவிட்டது, நான் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில். இனி இவள் கை மேலே போகும். போகவில்லை. மடியிலேயே கிடக்கிறது. அந்த ஆள் இன்னொரு முறை, நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கோகிலவாணி என்கிறார். இவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற போலியோ சொட்டு மருந்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது யாருடைய பேரோ. ராத்திரி தூக்கத்தில் கூப்பிட்டால்கூட உம் என்பவள். நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே. கேள்வி கேட்டால் மட்டும்தான் தெரியாது என்று சொல்லச் சொன்னேன், கூப்பிட்டால் திரும்பாதே என்று சொல்லவில்லையே. ஒருவேளை சத்தம் காதில் விழவில்லையோ. விழுந்தது, எனக்குத் தெரியும், கண் இமை அசைந்ததை நான் பார்த்தேன். சீட்டில் ஒட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, ஏம்மா உங்களத்தான் என்கிறார் அந்த ஆள். எழுந்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது, நான் பயந்தது நடக்கவில்லை, ஆனால் சந்தோஷம் வரவில்லை. இவளை எழுப்ப மணிக்கட்டைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயது, என் தங்கை மகள் வயதிருக்கும். மெதுவாகப் பேசினார். இவளிடம் பேர் கேட்டார், தெரியாது. குடை படத்தைக் காட்டினார், பசு, வாழைப்பழம், எல்லாமே தெரியாது. ஒவ்வொரு தெரியாதுக்கும் மேசைக்கு அடியில் இவள் கை என் பக்கம் நீண்டது, நான் அதைத் தள்ளித் தள்ளி விட்டேன். பசிக்குதாம்மா என்று கேட்டார். அதற்கும் தெரியாது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டிலும் இப்படித்தானா என்றார். ஆமாங்க என்றேன். பிடித்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னிடம் வேறு கேள்வியாகக் கேட்டார். இவளைத் தனியாக விட்டு அடுத்த தெருவுக்குப் போய்வர முடியுமா, அடுப்பு எரிந்தால் தள்ளி நிற்பாளா, கடைக்குப் போய் மீதி வாங்கி வருவாளா, மாதத் தீட்டின்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், வெளியாள் கூப்பிட்டால் போய்விடுவாளா. எல்லாவற்றுக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன், பொய் சொல்ல அங்கே இடமே இருக்கவில்லை. வெளியாள் கூப்பிட்டால் போய்விடுவாள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, குடித்த தைரியத்தில், வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி கேட்டேன், ஏனுங்க, பேரு சொல்லத் தெரிஞ்சா சதவீதம் கொறையுங்களா?

"ஒரு பேரை வச்சா முடிவு பண்ணுவோம்? அவளுக்கு எவ்வளவு துணை வேணும்கிறதுதாம்மா கணக்கு. பேரு சொல்ல வந்தா நல்லதுதானே, முயற்சி பண்ணுங்க," என்றார்.

முயற்சி பண்ணுங்க. நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டே, இனிமேல் நீங்கள் இதற்காக அலைய வேண்டாம், நிரந்தரம் என்றே போட்டுவிடுகிறேன், முன்னேற்றம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை என்றார். நான் அதற்கும் தலையை ஆட்டினேன். கும்பிட்டுவிட்டு வந்தேன். வராந்தாவில் அந்தப் பெரியவர் கிடைச்சுதா என்று கேட்டார், கிடைச்சுதுங்க என்றேன். இனிமேல் பணம் வரும். எனக்குப் பிறகும் வரும். பஸ் பாஸ் இருக்கும், மையத்தில் இடம் இருக்கும். ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டும்போது சாந்தாமணி அக்காவை நினைத்துக்கொண்டேன், கோபம்கூட வரவில்லை, அக்கா தன் மகனுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், இன்றைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடலாம். முதலில் வீட்டுக்குப் போகலாம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நாலைந்து நாள்தான், ஒரு தரம் வந்தது மறுபடி வரும், வந்துவிடும் என்று நடக்க நடக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பேருந்து நிலையம் வந்துவிட்டது. அதே பேருந்து நிலையம்தான். முகூர்த்த நாள் போல, எங்கே பார்த்தாலும் பட்டுச் சேலை, பெட்டி, ஓடுகிற ஆட்கள். பச்சைச் சேலை மட்டும் எத்தனை. இவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்த் தூண் ஓரமாக நிறுத்தி இவள் முகத்தை என் பக்கம் திருப்பி, சிரித்து, நன்றாகச் சிரித்து, உன்ற பேரென்ன கண்ணு என்று கேட்டேன். இவளும் சிரித்தாள். தெரியாது என்றாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

முடிச்சில் மிச்சம் இருந்தது. கொடுத்தால் இது நிலைத்துவிடும். கொடுக்காவிட்டால் சரியாகச் சொல்லியும் ஏன் தரவில்லை என்று நினைப்பாள். கொடுக்கவில்லை. இல்லடா தங்கம், இப்ப சொல்லலாம், அம்மா சொல்றேன், பேரு சொல்லு. இவளுக்கு என் முகம் புரியவில்லை. காலையிலிருந்து இதே முகம்தானே இதைக் கேட்டுத் தின்னக் கொடுத்தது. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போல, தெரியாது என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் ஏறவில்லை. கூட்டம் எங்கள் மேல் இடித்துக்கொண்டு போனது. திராட்சையை எடுத்து என் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். இன்னொரு கை இவள் மணிக்கட்டில். நான் உதட்டைக் குவித்து, அந்த ஆடி மாதத்தில் சொன்ன மாதிரியே, மெதுவாக, ‘கோ’ என்றேன். மறுபடி, ‘கோ’. அவள் என் வாயைப் பார்க்கவில்லை. மூடியிருந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.